பயிற்சி முடிந்தது, வகுப்பில் என்ன செய்வது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 31 பிள்ளைகள். அதில் மூன்று பேரை நினைத்துத்தான் இந்தக் கடிதம். ஒருவன் அறிவுசார் குறைபாடு 60 சதவீதம் என்று சான்றிதழ் வைத்திருக்கிறான், ஓரிடத்தில் உட்கார மாட்டான், போன மாதம் வகுப்பிலேயே வலிப்பு வந்து நான் உறைந்து நின்றுவிட்டேன், சத்துணவு ஆயாம்மாதான் ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். ஒரு பெண் குழந்தை காது கேட்பதற்காகக் காக்ளியர் கருவி போட்டிருக்கிறாள். கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறாள், சில நாள் திரும்புவதே இல்லை. மூன்றாமவன் வாயாடி, மனக்கணக்கில் கெட்டி, ஆனால் நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை, சான்றிதழும் எதுவும் இல்லை. வட்டார வள மையத்தில் மூன்று நாள் உள்ளடக்கிய கல்விப் பயிற்சிக்குப் போனேன். 21 வகைக் குறைபாடுகளையும் பிபிடியில் காட்டினார்கள். திரும்பி வந்து வகுப்பில் நின்றால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒரு நாள் வருகிறார். தொலைநிலையில் சிறப்பு பி.எட். சேரட்டுமா, அல்லது யூடியூப் விளம்பரத்தில் வரும் ஆறு மாத டிப்ளமோ போதுமா? மற்ற 28 பேருக்கும் அநியாயம் செய்கிறேனோ என்று சில நாள் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதே குற்ற உணர்ச்சியாகவும் இருக்கிறது.
பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

டீச்சர், வணக்கம்.

முதலில் வலிப்பைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது நாளைக்குக் காலையிலேயே தேவைப்படலாம். சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். ஆயாம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் எல்லாருக்கும் அதுதான் தெரியும். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. உங்கள் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் டெஸ்க், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் தள்ளுங்கள், தலைக்கு அடியில் மடித்த துண்டையோ புத்தகம் எடுத்துவிட்ட ஸ்கூல் பையையோ வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூனோ துணியோ விரலோ வைக்கவே கூடாது, முழு நினைவு திரும்பும் வரை தண்ணீரும் கூடாது. முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் இன்னொன்று வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் அவன் அசந்து தூங்குவான், தூங்கட்டும். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். டாக்டருக்கு அந்தச் சீட்டு பெரிய உதவி. மாத்திரை தவறாமல் போகிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இதை அந்த 31 பிள்ளைகளுக்கும் ஆயாம்மாவுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், பத்து நிமிட வேலை. மூன்று நாள் பயிற்சியில் இந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உங்களைவிட வருத்தம் அதிகம், ஏனென்றால் அந்த மாதிரிப் பயிற்சிகளில் கருத்தாளராக மைக் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் குறைபாடுகள் ஏழு வகை. 2016-ல் புதுச் சட்டம் வந்து அது 21 ஆனதும் எங்கள் ஸ்லைடுகளும் மூன்று மடங்காகிவிட்டன. ஹீமோபிலியா என்றால் என்ன, தலசீமியா என்றால் என்ன, பார்க்கின்சன் என்றால் என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். பார்க்கின்சன் வந்த பிள்ளையை எந்தத் தொடக்கப் பள்ளி டீச்சர் பார்த்திருக்கிறார்? ஆனால் சட்டத்தில் இருக்கிறது, அதனால் ஸ்லைடிலும் இருக்கும். டீ, சமோசா, கையெழுத்து, குரூப் போட்டோ, வீட்டுக்குப் பஸ்.

ஒரு முறை டீ இடைவேளையில் ஒரு டீச்சர் வந்து, "மேடம், ஒரு நாள் என் கிளாஸுக்கு வந்து நீங்களே எடுத்துக் காட்டுங்களேன்" என்றார். குத்தலாகத்தான் கேட்டார், எனக்கும் சுருக்கென்றது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனேன். இரண்டு வகுப்பு சேர்ந்த அறை, 26 பிள்ளைகள். நான் அதுவரை பெரும்பாலும் சிறப்புப் பள்ளியில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்துப் பழகியவள். பதினோரு மணிக்குள் தொண்டை கட்டிவிட்டது. அந்த டீச்சர் சொன்ன பையன் மூன்று முறை எழுந்து ஓடினான், ஒரு முறை கேட் வரைக்கும் போய்விட்டான். நான் ஸ்லைடில் போட்ட ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. மதியம் வேறு வழி தெரியாமல் வகுப்பை டீச்சரிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மறுநாள் காலையும் அதேதான் செய்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் ஏழு முறை எழுந்தான். எழுதி வைத்ததைத் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஏழில் ஐந்து முறை, "எல்லாரும் போர்டைப் பார்த்து எழுதுங்க" என்று டீச்சர் சொன்ன அடுத்த நிமிடம். பாட்டு, கதை, கல் வைத்துக் கணக்கு, இதிலெல்லாம் அவன் அசையவில்லை. பென்சில் பிடிக்க விரலில் பலம் இல்லை. ஓடினால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்தேன்: வகுப்புத் தலைவி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள், அதற்குள் எழுதுகிற நேரம் முடிந்திருக்கும். ஓடினால் எழுத வேண்டியதில்லை என்று நாமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை. நோட்டுக்குப் பதில் சிலேட்டு, போர்டில் இருப்பதில் ஒரே ஒரு வரி, பென்சிலில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிப் பிடி தடிமனாக்கினோம், நோட்டுக் கட்டைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தோம், எழுந்திருக்க ஒரு நியாயமான காரணம் கிடைக்கட்டும் என்று. ஒரு மாதம் கழித்துப் போனபோது ஏழு என்பது மூன்றாகியிருந்தது. மூன்று இன்னும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு முதலில் தேவைப்படும் பயிற்சி இதுதான் டீச்சர், ஒரு பிள்ளையைப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுவது. கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள், கை "சேட்டை செய்தான்", "அடம் பிடித்தான்", "கவனம் இல்லை" என்றுதான் எழுதும். அதெல்லாம் நம் கருத்து. "10.40, தமிழ், எழுந்து ஜன்னலுக்குப் போனான், இரண்டு நிமிடம் வெளியே பார்த்தான், நான் கூப்பிட்டதும் வந்தான்" என்று எழுதினால் அது பார்த்தது. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு அப்புறம் என்ன நடந்தது. பாடம் எடுத்துக்கொண்டே எழுத முடியாது, அதனால் தலைமையாசிரியரையோ சிறப்புப் பயிற்றுநரையோ இருபது நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஒன்பது வருடத்தில் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து நீங்கள் போர்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதுவே ஒரு பாடம்.

இதோடு சேர்த்து ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்று சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது, மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று பெயர், எங்கள் வட்டாரத்தில் எம்.டி.பி.எஸ். என்போம். 18 பிரிவு, பிரிவுக்கு 20, ஆக 360 வாக்கியங்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், எல்லா வாக்கியமும் பிள்ளை செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லும், கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று குறித்துவிடலாம். "படிப்பில் மந்தம்" மாதிரி ஒரு வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் சிறப்புப் பயிற்றுநரிடம் அந்தப் படிவம் இருக்கக்கூடும், கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். நீங்கள் 360-ஐயும் நிரப்ப வேண்டாம், அது அவர் வேலை. இலக்கு எழுதும் விதத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் "வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தால் அது ஃபைலுக்குத்தான். "ஆகஸ்ட் முடிவதற்குள், ஐந்து பெயர் அட்டையில் தன் பெயர் அட்டையை ஐந்துக்கு நான்கு தடவை சரியாக எடுப்பான்" என்று எழுதினால் ஆகஸ்ட் 31-ம் தேதி ஆம் அல்லது இல்லை என்று உங்களால் சொல்ல முடியும். இல்லை என்றால் தப்பு இலக்கில் இருக்கிறது, அதைப் பாதியாக வெட்டுங்கள்.

சரி, பி.எட். விஷயம். நீங்கள் இரண்டு வெவ்வேறு கேள்வியை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறீர்கள். சிறப்பு ஆசிரியராக வேலை மாற வேண்டும் என்றால் படிப்பு கட்டாயம், அதுவும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (எல்லாரும் ஆர்.சி.ஐ. என்போம்) அங்கீகரித்த படிப்பு மட்டும்தான். 1992 ஆர்.சி.ஐ. சட்டப்படி அவர்கள் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது, செய்தால் ஒரு வருடம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் பார்த்த ஆறு மாத டிப்ளமோக்காரருக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் எனக்கு சி.ஆர்.ஆர். நம்பர் கிடைக்குமா?" (ஆர்.சி.ஐ. பதிவேட்டில் கிடைக்கும் எண் அது.) சுற்றி வளைத்துப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். நல்ல படிப்பாக இருந்தாலும் சேருமுன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்த மையத்தின் பெயர், அந்தப் பாடப் பிரிவு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், போன வருடம் அங்கீகாரம் இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. இன்னொன்று, சிறப்பு பி.எட்.டில் பொதுவாக ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று. உங்கள் வகுப்பில் இருப்பதோ மூன்று பேர், மூன்று விதம். அறிவுசார் குறைபாட்டில் பட்டம் வாங்கிய அதே ஜூனில் உங்கள் வகுப்புக்குப் பிரெயில் பையோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

நீங்கள் வகுப்பாசிரியையாகவே இருக்கப் போகிறீர்கள் என்றால், இப்போதைக்குப் பட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஆர்வம் இரண்டு வருடம் கழித்தும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். என்னைக் கேட்டால் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரியும். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலைக்குப் பாடம் எடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? ஒரே கதையை ஒருவன் படத்தைப் பார்த்துச் சொல்ல, ஒருத்தி வாக்கியமாகப் படிக்க, இன்னொருவன் முடிவை மாற்றி எழுத. உள்ளடக்கிய கல்விப் புத்தகங்களில் பெரிய பெயர் வைத்துப் பேசுவதில் பாதி இதுதான். அரும்புக்குக் கீழே இன்னும் இரண்டு படி கட்ட வேண்டியிருக்கிறது, அந்தப் படியைக் கட்டும் வேலை சிறப்புப் பயிற்றுநருக்குத் தெரியும்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரம் ஒரு நாள்தான் வருகிறார் என்று நீங்கள் எழுதியதில் ஒரு குறை தெரிகிறது, அவர் பல பள்ளிகளைத் தலையில் கட்டிக்கொண்டு, தொகுப்பூதியத்தில், ஸ்கூட்டியில் அலைகிறவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்பு ஆசிரியர்களுக்கு விகிதம் அறிவித்து, நிரந்தரப் பணியிடம் உருவாக்கச் சொன்னது, 2022-ல் மத்திய அரசு தொடக்க நிலையில் குறைபாடுள்ள பத்து பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று அறிவித்தது, 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களை முடுக்கியது. அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது? வழக்கமாக என்ன நடக்கிறதென்றால் அவர் வந்ததும் பையனை வராண்டாவுக்குக் கூட்டிப்போய் பாசி கோர்க்க வைப்பார், நீங்கள் உள்ளே நிம்மதியாகப் பாடம் எடுப்பீர்கள், நான்கு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்து. வராண்டாவில் அவர் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது, அவர் போனதும் மற்ற நான்கு நாள் பழைய கதைதான். அடுத்த முறை அவரை உள்ளே கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் அவர் உங்கள் வகுப்பிலேயே, அந்தப் பையன் பக்கத்தில் உட்காரட்டும். என்ன சொல்கிறார், எவ்வளவு நேரம் பொறுக்கிறார், கையைப் பிடித்து எழுத வைப்பதை எப்போது விடுகிறார் என்று நீங்கள் பாருங்கள். அடுத்த வாரம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். எந்தப் பயிற்சி மையத்திலும் இதற்கு ஈடாக ஒன்றைத் தர முடியாது, செலவும் இல்லை. கொஞ்சம் கூச்சம் இருக்கும், இரண்டு பேருக்குமே.

இப்போது அந்தப் பெண் குழந்தை. சில நாள் திரும்புகிறாள், சில நாள் இல்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் குழந்தை மேல் இல்லை, பேட்டரி மேல்தான், அடுத்து காந்தத்தோடு தலையில் ஒட்டுமே, அந்த வளையத்துக்குப் போகும் வயர் மேல். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நம் மாநிலத்தில் நிறையக் குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது யார் என்று பள்ளியில் கேட்டால் பதில் வராது. நான் பார்த்த ஒரு பள்ளியில் மூன்று நாளாகச் செத்த பேட்டரியோடு ஒரு குழந்தை முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. காலையில் இறைவணக்கம் முடிந்ததும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கருவியைப் போட்டபடி அவள் நிற்கட்டும், நீங்கள் பின்னால் நின்று, அல்லது வாயை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு (உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள், கெட்டிக்காரிகள்), ஆறு ஒலியைச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒவ்வொன்றுக்கும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். வரிசையையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாளத்துக்குப் போட்டுவிடுவாள். டேனியல் லிங் என்ற செவித்திறன் கல்வியாளர் கொண்டுவந்த சோதனை இது. தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை பேச்சில் வரும் அலைவரிசை முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடும். ஆறுக்கும் பதில் இல்லை என்றால் பேட்டரி, வயர். நேற்று வரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் தேதி போட்டு எழுதிவையுங்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அம்மாவிடம் சொல்லிக் கருவியைச் சரிபார்க்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்புங்கள். அப்புறம் போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பேசுங்கள். கருவி இருக்கும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்படி உட்கார வையுங்கள், வராண்டாப் பக்கத்து ஜன்னலையும் கடகடவென்று சுற்றும் மின்விசிறியையும் விட்டுத் தள்ளி. முதல் வரிசை என்பதற்காக மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்துப் பயனில்லை.

மூன்றாவது பிள்ளைதான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் சான்றிதழ் இல்லாதவன் யார் கணக்கிலும் வரமாட்டான். முதலில் கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள், இதைத் தாண்டிக் குதித்துக் கற்றல் குறைபாடு என்று பேசக் கூடாது. பிறகு அவன் படிப்பதைக் கேட்டு எழுதுங்கள். ந, ன, ண குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள், அது எல்லாப் பிள்ளைக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். தமிழில் நான் கவனிப்பது கொம்பையும் துணைக்காலையும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் அதன் ஒலி பின்னால் வரும். துணைக்கால் பார்க்க ர மாதிரியே இருக்கும். "கொடி" என்பதை "கெரடி" என்று நான்காம் வகுப்பிலும் படிக்கிறானா? மாட்டுப் படம் இருந்தால் "மாடு" என்கிறவன் படத்தை மூடினால் விழிக்கிறானா? நேற்று படித்த சொல் இன்று புதுசாகத் தெரிகிறதா? அப்படியானால் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கண்டறிவதற்கான பள்ளிக் கல்வித் துறையின் நலம் நாடி செயலியில் அவன் பெயரை ஏற்றுங்கள், சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்புங்கள். கற்றல் குறைபாட்டைப் பள்ளி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலே சொன்னது, ஏற்கெனவே தாமதம்தான். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்த பிறகு இதற்காக ஓடிவரும் பெற்றோரை எத்தனை பேர் பார்த்துவிட்டேன்.

காகிதம் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். 216 உயிர்மெய்யையும் காட்டி அவனைப் பயமுறுத்தாதீர்கள். க, ட, ப, ம, ல என்று ஐந்து மெய், அ, ஆ, இ என்று மூன்று உயிர், கூடப் புள்ளி வைத்த எழுத்து, அவ்வளவுதான் ஒரு மாதத்துக்கு. கடல், மடல், பாடம், பாலம், மாடி, கம்பி, இத்தனை சொல் அதற்குள்ளேயே கிடைக்கிறது. மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு ஒலிக்கட்டும், தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கணக்கிலும் சூழ்நிலையியலிலும் கேள்வியை நீங்களோ பக்கத்துப் பிள்ளையோ படித்துக் காட்டுங்கள், வாயால் பதில் வாங்குங்கள். மனக்கணக்கில் கெட்டியானவன் கணக்கில் முட்டை வாங்குவது வார்த்தைக் கணக்கைப் படிக்க முடியாததால்தான்.

வெளியே போய்ப் பார்க்க ஆசை இருந்தால், கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்குங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம், குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். இந்தத் துறையில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன: சென்னை கோட்டூர்புரத்தில் வித்யா சாகர், டிஸ்லெக்சியாவுக்கு (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். முதலில் போன் செய்து, பார்வையாளராக உட்கார அனுமதி உண்டா, வகுப்பாசிரியர்களுக்கென்று பயிற்சி எப்போது என்று கேளுங்கள். இவ்வளவு தூரம் முடியாவிட்டால் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு சிறப்புப் பள்ளியில் இரண்டு சி.எல். போட்டு உட்காருங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பட்டியல் கிடைக்கும். எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்னும் ஒன்று கேளுங்கள்: "இதில் எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு?" இல்லை என்றால் அது வெறும் உரை. தீக்‌ஷாவில் இருக்கும் நிஷ்தா பாடங்கள் (ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பயிற்சி) இலவசம், சொற்கள் பழகுவதற்கு நல்லது, பஸ்ஸில் போகும்போது கேட்கலாம், ஓடவிட்டுச் சான்றிதழ் மட்டும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அப்படி இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.

இதெல்லாம் உங்கள் கைக்காசில் செய்ய வேண்டியது என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2016 சட்டத்தின் 17-வது பிரிவு ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதை அரசின் கடமை என்கிறது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் நாலைந்து டீச்சர்களாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்: இந்த முறை பிபிடி வேண்டாம், ஆளுக்கொரு பிள்ளையைப் பற்றிய நோட்டோடு வருகிறோம், அதை வைத்துப் பேசுவோம் என்று. கருத்தாளருக்கும் அது விடுதலைதான், நம்புங்கள்.

28 பேர் விஷயம். சில நாள் அவர்களுக்கு நேரம் குறையத்தான் செய்யும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வலிப்பு வந்த அன்று யாருக்குப் பாடம் நடந்திருக்கும்? ஆனால் நீங்கள் போர்டைவிட்டுத் திரும்பிப் பேசத் தொடங்கினால், கேள்வியை வாய்விட்டுப் படித்தால், ஒரு வரியாக உடைத்துக் கொடுத்தால், அந்த 28-ல் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேருக்கும் அது போய்ச் சேரும். அநியாயம் என்று நான் நினைப்பது வேறொன்று. எல்லா வகுப்பிலும் முதல் ரேங்க் வாங்கும் ஒரு பெண் பிள்ளையை இந்தப் பையனுக்கு அம்மாவாக்கி வைத்திருப்போம், ஷூ மாட்டுவதிலிருந்து டாய்லெட்டுக்குக் கூட்டிப்போவது வரை அவள்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு உத்தியோகம். வாரம் ஒரு ஜோடி மாற்றுங்கள், பையன்களையும் சேர்த்து. அவனுக்கும் யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுக்கும் வேலை இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டிலிருந்து நான்கு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பெயரை மட்டும் மறைத்துவிட்டு. கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எக்செல் எல்லாம் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு உட்காராத பையனைப் பற்றி இன்னும் விவரமாக எழுதுகிறேன், இப்போது எழுதினால் என் கற்பனையைத்தான் எழுதுவேன். நாளைக்குக் காலையில் பள்ளிக்குப் போனதும் அந்தப் பெண்ணின் பேட்டரியைப் பாருங்கள்.